துருக்கிய இனோனு: கற்க வேண்டியதும் கடிய வேண்டியதும்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



துருக்கி என்றவுடன் நம்மவர் நெஞ்சில் எழுவது முசுத்தபா கெமால் என்னும் ஒரு பெயரே. அரபி எழுத்தை நீக்கினார், அயற்சொல் களைந்தார் என்று அவரைப் பற்றி நம் மேடைகளில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். ஆனால், அவர் 1938ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 10ஆம் நாள் மறைந்துவிட்டார். உலகப் பெருந்தீ மூண்டது அதற்குப் பின்னரே. அவர் நட்ட பயிரை அத் தீயினின்று காத்தவர் யார்? அவர் தொடங்கி வைத்த மொழிப்பணியை நாட்டின் அடிப்படைச் சட்டம் வரையில் கொண்டு சென்றவர் யார்? இசுமெத்து இனோனு. அவரைப் பற்றியே இன்று பேச வந்துள்ளேன்.

முன்னரே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது பாராட்டுரை அன்று. இவர் வாழ்வில் நாம் கற்க வேண்டியதும் உண்டு. கடிய வேண்டியதும் உண்டு. முன்னதை மட்டும் சொல்லிப் பின்னதை மறைப்பது உண்மைக்குச் செய்யும் இரண்டகமாகும்.

இசுமெத்து 1884ஆம் ஆண்டு செப்தம்பர் 24ஆம் நாள் இசுமீர் நகரில் பிறந்தார். தந்தை வழியில் அவர் குர்தியக் குடியினர் என்பர் வரலாற்றாளர் பலர். இச் செய்தியை நெஞ்சில் இருத்திக் கொள்ளுங்கள். பின்னர் இதற்கு மீண்டும் வருவேன். படைப்பள்ளியில் பயின்று, பீரங்கிப் படைப்பிரிவில் சேர்ந்து, 1906இல் உயர்படைக் கல்லூரியில் தேறினார். 1910 முதல் சில ஆண்டுகள் ஏமன் நாட்டில் பணியாற்றினார். இளமையிலேயே அவருடைய செவிப்புலன் குறைந்துவிட்டது. கேளாச் செவி ஒருவர்க்குக் குறை என்றுதானே நினைப்போம்? அக் குறையையே அவர் பின்னாளில் படைக்கலமாக்கிய கதையையும் கேட்கப் போகிறீர்கள்.

முதல் உலகப்போரில் உதுமானியப் பேரரசு தோற்றது. வென்றவர் அந் நாட்டைக் கூறு போட முனைந்தனர். கிரேக்கப் படை மேற்குக் கரையில் இறங்கியது. அங்காராவில் முசுத்தபா கெமால் தலைமையில் விடுதலை அரசு எழுந்தது. 1920இல் இசுமெத்து அங்குச் சென்று சேர்ந்து, மேற்குப் போர்முனையின் தலைவரானார். 1921 சனவரியிலும், மீண்டும் மார்ச்சுத் திங்களிலும், இனோனு என்னும் ஊரருகே கிரேக்கப் படையைத் தடுத்து நிறுத்தினார். 1934இல் குடிப்பெயர்ச் சட்டம் வந்து, ஒவ்வொருவரும் ஒரு குடிப்பெயர் சூடிக்கொள்ள வேண்டும் என்றானபோது, அவ் வூரின் பெயரையே கெமால் அவருக்கு வழங்கினார்.

ஆனால், அதே 1921ஆம் ஆண்டு சூலையில் குத்தாகியா, எசுகிசெகிர் களங்களில் அவர் படை தோற்றுச் சக்காரியா ஆற்றுக்குக் கிழக்கே பின்வாங்கியது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தோல்வியையும் தாங்கி நிற்பவனே தலைவன். அத் தோல்விக்குப் பின் சக்காரியாவில் தடுப்பும், அடுத்த ஆண்டில் வெற்றியும் வந்தன. 1922 அத்தோபரில் முதன்யாவில் போர்நிறுத்த உடன்படிக்கையைப் பேசி முடித்தவரும் அவரே.

அடுத்து இலோசான் மாநாடு. சுவிட்சர்லாந்து நாட்டின் அந் நகரில் 1922 நவம்பரில் பேச்சு தொடங்கிற்று. எதிரில் அமர்ந்திருந்தவர் பிரித்தானிய அயலுறவு அமைச்சர் கர்சன். முன்னாளில் இந்தியாவை ஆண்ட அதே கர்சன்! சொல்வன்மையும் செருக்கும் ஒருங்கே வாய்ந்தவர். அவர் நெடுநேரம் முழங்குவார். இசுமெத்தோ கேளாதவர் போல் அமர்ந்திருப்பார். முழக்கம் ஓய்ந்ததும், தாம் முதலில் சொன்ன அதே கருத்தை மீண்டும் அமைதியாகச் சொல்லுவார். கர்சனின் சொல்வன்மை அக் கேளாச் செவியின்முன் பயனற்றுப் போயிற்று. 1923 பிப்பிரவரியில் பேச்சு முறிந்தது. ஏப்பிரலில் மீண்டும் தொடங்கிற்று. சூலை 24ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

அதன் பயன் என்ன? அயல்நாட்டார் துருக்கி மண்ணில் குற்றம் செய்தாலும் துருக்கிய முறைமன்றம் அவர்களை உசாவ முடியாது என்று நெடுங்காலமாக இருந்த இழிநிலை ஒழிந்தது. தன் நாட்டில் தன் சட்டம் என்னும் நிலை பிறந்தது. மோசூல் நிலப்பகுதி கைக்கு வரவில்லை. கிரேக்கத்திற்கும் துருக்கிக்கும் இடையே செய்துகொண்ட மக்கள் மாற்று ஏற்பாட்டால், பன்னிரண்டு இலக்கம் அளவிலான கிரேக்கக் கிறித்தவரும் நான்கு இலக்கம் அளவிலான முசுலிம்களும் பிறந்த மண்ணை இழந்தனர். விடுதலைக்கு விலை கொடுத்தவர்களுள் இவ் வெளிய மக்களையும் எண்ண வேண்டும்.

பெருமக்களே! இவ் வுடன்படிக்கையின் 39ஆம் பிரிவை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். துருக்கிக் குடிமகன் எவனும் தன் வீட்டிலும், வணிகத்திலும், வழிபாட்டிலும், இதழ்களிலும் நூல்களிலும், பொதுக் கூட்டங்களிலும் தான் விரும்பும் எம் மொழியையும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பது அப் பிரிவின் பொருள். அதன்கீழ்க் கையெழுத்திட்டவர் இசுமெத்து!

அவ் வாண்டு அத்தோபர் 29ஆம் நாள் குடியரசு பிறந்தது. இசுமெத்து அதன் முதல் தலைமையமைச்சரானார். இடையில் சில திங்கள் நீங்கலாக 1937 வரை அப் பொறுப்பில் இருந்தார். எழுத்து மாற்றச் சட்டம் 1928 நவம்பர் முதல்நாள் நிறைவேறியது. மொழிக்கழகம் 1932 சூலை 12ஆம் நாள் தோன்றியது. இரண்டும் அவர் தலைமையமைச்சராக இருந்தபோது நிகழ்ந்தவையே. அரபியிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வந்து குவிந்த சொற்களால், அரசின் ஆணையை உழவன் படித்தாலும் அவனுக்கு விளங்காத நிலை அன்றைக்கு இருந்தது. கற்றவர் மொழி ஒன்று, மற்றவர் மொழி வேறொன்று! இந் நோய் எந் நாட்டில் இருந்தாலும் அதன் கரணியம் ஒன்றே: சொல் மக்களை விட்டு விலகினால், அறிவும் ஆட்சியும் மக்களை விட்டு விலகும்.

கெமால் மறைந்த மறுநாளே நாடாளுமன்றம் இனோனுவைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. பத்துத் திங்களில் போர் மூண்டது.

துருக்கியின் நிலையை எண்ணிப் பாருங்கள். வடகிழக்கே உருசியா. தெற்கே சிரியாவிலும் ஈராக்கிலும் பிரஞ்சு, ஆங்கிலச் செல்வாக்கு. மேற்குக் கடலில் இத்தாலியர் ஆளும் தீவுகள். நடுவே, கருங்கடலுக்கு வாயிலான நீரிணைகள் துருக்கியின் கையில். அவ் வாயிலை விரும்பாத வல்லரசு ஒன்றுமில்லை. முதல் உலகப்போரில் ஆராயாது குதித்து ஒரு பேரரசே அழிந்ததை, அப் போரில் நின்று பார்த்தவர் இனோனு. அந்தப் பாடத்தை அவர் மறக்கவில்லை.

1939 அத்தோபர் 19ஆம் நாள் பிரித்தானியாவுடனும் பிரான்சுடனும் உதவி உடன்படிக்கை செய்துகொண்டார். ஆனால், உருசியாவுடன் போருக்கு இழுக்கும் கடமை எதுவும் தமக்கில்லை என்று ஒரு விலக்கையும் அதில் சேர்த்து வைத்தார். 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியபோது, வாருங்கள் களத்திற்கு என்று நட்பு நாடுகள் அழைத்தன. இனோனுவின் அரசு அவ் விலக்கையே காட்டி ஒதுங்கிக்கொண்டது. 1941இல் செருமானியப் படை பல்கேரியாவையும் கிரேக்கத்தையும் கடந்து துருக்கியின் வேலியருகே வந்து நின்றது. சூன் 18ஆம் நாள் செருமனியுடன் நட்புறவு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. நான்கே நாளில் இட்லர் உருசியாமீது பாய்ந்தார்.

1943 சனவரி இறுதியில் சர்ச்சில் தாமே அதானாப் பகுதிக்கு வந்து, தொடர்வண்டிப் பெட்டி ஒன்றில் இனோனுவைக் கண்டு பேசினார். அவ் வாண்டு திசம்பரில் கெய்ரோவில் உரூசுவெல்ட்டும் சர்ச்சிலும் ஒருங்கே வற்புறுத்தினர். இனோனு மறுத்துப் பேசவில்லை. வருகிறோம், ஆனால், வானூர்தி வேண்டும், பீரங்கி வேண்டும், இரும்புப் போர்வண்டி வேண்டும், அவை வந்த பின்னரே இறங்க முடியும் என்பதே அவர் விடையின் சாரம். பட்டியல் நீண்டுகொண்டே இருந்தது. களமிறங்கும் நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. இலோசானில் கேளாச் செவி செய்த வேலையை இங்கே நீண்ட பட்டியல் செய்தது!

எஃகை வன்மையாக்கும் குரோமியக் கனிமம் துருக்கியில் மிகுதி. அதை இரு சாராரும் விரும்பினர். இரு சாரார்க்கும் விற்றனர். கூட்டணி நாடுகளின் நெருக்குதலால் 1944 ஏப்பிரலில் செருமனிக்கு விற்பதை நிறுத்தினர். ஆகத்து 2ஆம் நாள் செருமனியுடன் உறவை முறித்தனர். 1945 பிப்பிரவரி 23ஆம் நாள், போரின் முடிவு தெரிந்துவிட்ட பின்னர், செருமனிமீதும் சப்பான்மீதும் போர் அறிவித்தனர். ஒன்றிய நாடுகள் அவையில் தொடக்க உறுப்பினராக அமர்வதற்கு அவ் வறிவிப்பு வேண்டியிருந்தது. துருக்கியப் படைப்பிரிவு ஒன்றுகூட அப் போர்க்களத்தில் இறங்கவில்லை. துருக்கி நகர் ஒன்றுகூடக் குண்டுமழையில் எரிந்து சாம்பலாகவில்லை.

இது நேர்மையா, தன்னலமா என்று கேட்பவர் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். அறத்திற்கும் கொடுமைக்கும் இடையே நடந்த போரில் இருபுறமும் கனிமம் விற்றதைப் புகழ்ந்து பேச என் நா எழவில்லை. ஆனால், பிறர் போருக்குத் தன் மக்களைத் தீனியாக்காமல் காத்த தலைவனின் துணிவைக் குறைத்துப் பேசவும் எனக்கு உரிமையில்லை.

அமைதிக்கும் விலை உண்டு. பத்து இலக்கம் அளவினர் படையில் நிறுத்தப்பட்டனர், உழுவதற்கு ஆளில்லை. 1942இல் அப்பம் அளந்து கொடுக்கப்பட்டது. சிற்றூர் மக்கள் நிலக்கரிச் சுரங்கங்களுக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டனர். அவ் வின்னலை மக்கள் மறக்கவில்லை.

இனி, நாம் கற்க வேண்டியதைச் சொல்கிறேன்.

போர் மூண்டிருந்த அக் காலத்திலேயே, 1940 ஏப்பிரல் 17ஆம் நாள், சிற்றூர்ப் பயிற்சிக்கழகச் சட்டம் நிறைவேறியது. கல்வியமைச்சர் அசன் ஆலி யூசெலும், தொடக்கக் கல்வித் துறைத் தலைவர் இசுமாயில் ஆக்கி தோங்கூச்சும் அதன் இரு தூண்கள். இனோனு அதன் காவலர். சிற்றூர்ப் பிள்ளைகளையே சேர்த்து, நூற்படிப்போடு உழவும் தச்சும் கொல்லும் கற்பித்து, சொந்த ஊர்ப்புறங்களுக்கே ஆசிரியராகத் திருப்பி அனுப்பினர். 21 கழகங்கள் எழுந்தன. பதினேழாயிரம் அளவினர் பயின்று வெளிவந்தனர். அதே 1940இல் மொழிபெயர்ப்புக் குழு ஒன்றும் அமைந்தது. சில ஆண்டுகளில் கிரேக்க, இலத்தீன, பிரஞ்சு, உருசிய மொழிகளின் சிறந்த நூல்கள் ஏறத்தாழ 500 துருக்கிய மொழிக்கு வந்தன. தன் மொழியைத் தூய்மை செய்வோர் உலக அறிவுக்குக் கதவடைப்பர் என்று நம்மைப் பழிப்பார்க்கு இதனினும் சிறந்த விடை வேறென்ன வேண்டும்?

1945 சனவரி 10ஆம் நாள் வந்தது. ஐரோப்பா இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அந் நாளில் அங்காரா நாடாளுமன்றம் தன் நாட்டின் அடிப்படைச் சட்டத்தை, பொருள் மாறாமல், தூய துருக்கியத்தில் மாற்றி எழுதி நிறைவேற்றியது. அரபிச் சொற்களைப் பாரசீக முறையில் கோத்த 'தெசுகிலாத்து எசாசியே கானூனு' என்னும் பெயர் போய், 'அனயசா' என்னும் பெயர் வந்தது. 'அனா' என்றால் தாய். 'யசா' என்றால் சட்டம். தாய்ச்சட்டம்! உழவன் கேட்டவுடன் உணரும் பெயர் அல்லவா? உயர் முறைமன்றத்திற்கு, தீர்ப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'யார்கித்தாய்' என்று பெயரிட்டனர். கலந்தாய்வைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'தானிசுத்தாய்' பிறந்தது. அதே நாளில் நான்கு திங்கட்பெயர்களும் மாறின. அத்தோபர் 'எக்கிம்' ஆயிற்று. விதைப்பு என்பது பொருள். சனவரி 'ஒசாக்கு' ஆயிற்று. அடுப்பங்கரை என்பது பொருள். குளிரில் அடுப்பைச் சூழ்ந்து அமரும் திங்களுக்கு எத்துணைப் பொருத்தமான பெயர்!

1950இல் ஆட்சி மாறியது. 1952 திசம்பரில் புதிய ஆட்சியினர் பழைய அரபிச் சொல் நிறைந்த வடிவத்தையே மீண்டும் கொண்டுவந்தனர். மொழிப்பணி முடிந்தது என்று எள்ளியவர் பலர். ஆனால், மக்கள் வாயில் ஏறிய சொல்லைச் சட்டம் கீழிறக்க முடியுமா? 1961இல் புதிய அடிப்படைச் சட்டம் எழுந்தபோது 'அனயசா' என்றே அது பெயர் பெற்றது. பள்ளிக்கு 'ஒக்குல்', வானூர்திக்கு 'உச்சாக்கு' என்று வந்த சொற்களும் அவ்வாறே நிலைத்தன.

ஆனால், நிலைக்காதவையும் உண்டு; அவற்றையும் கேளுங்கள். பள்ளிவாசலின் தொழுகை அழைப்பு 1932 முதல் துருக்கிய மொழியில் ஒலித்தது. 1941இல், அரபியில் அழைப்போர்க்குச் சிறை என்று சட்டமே செய்தனர். 1950 சூனில் அத் தடை நீங்கியது. உடனே அழைப்பு அரபிக்குத் திரும்பிவிட்டது. ஏன்? சொல் நெஞ்சில் ஏறியபோது நிலைத்தது. காவலன் தடியில் ஏறியபோது தடியோடு வீழ்ந்தது. மொழிப்பணியாளர் அனைவரும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய பாடம் இது.

இனி, கடிய வேண்டியதற்கு வருகிறேன்.

1942 நவம்பர் 11ஆம் நாள், இனோனு குடியரசுத் தலைவராகவும் சுக்குரு சராசோலு தலைமையமைச்சராகவும் இருந்தபோது, உடைமை வரி என்னும் சட்டம் வந்தது. போர்க்காலக் கொள்ளை வணிகரை ஒறுப்பதே நோக்கம் என்றனர். நடந்தது என்ன? கிரேக்கர்க்கும் ஆர்மீனியர்க்கும் யூதர்க்கும், ஒத்த உடைமையுள்ள முசுலிம்களைப் போலப் பன்மடங்கு வரி தீட்டினர். முறையீட்டிற்கு வழியில்லை. பதினைந்து நாளில் கட்டாதவர் கடையும் வீடும் ஏலம் போயின. ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் கிழக்கே அசுக்காலே என்னும் பனிப்பகுதிக்குக் கல்லுடைக்க அனுப்பப்பட்டனர்; அவர்களுள் 21 பேர் மாண்டனர். 1944 மார்ச்சில் அச் சட்டம் நீங்கியது. இழந்த வாழ்வு மீளவில்லை. 1942 பிப்பிரவரியில், இட்லரின் கொடுமைக்குத் தப்பிவந்த 750க்கும் மேற்பட்ட யூதர்களோடு சுத்துருமா என்னும் பழுதான கப்பல் இசுதான்புல்லில் இரண்டு திங்களுக்கு மேல் நின்றது. பிரித்தானியரோ பாலத்தீனத்திற்கு இசைவு தரவில்லை. துருக்கி அதைக் கருங்கடலுக்கு இழுத்து விட்டது. மறுநாள் சோவியத்து நீர்மூழ்கியின் தாக்குதலில் அது மூழ்கிற்று. பிழைத்தவர் ஒரே ஒருவர்.

இவற்றினும் நமக்கு நெருக்கமான குற்றம் ஒன்றுண்டு. இலோசானின் 39ஆம் பிரிவை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? எம் மொழியும் பேசலாம் என்று கையெழுத்திட்ட அதே இசுமெத்தின் அரசு, இரண்டே ஆண்டில், 1925 செப்தம்பரில், கிழக்குப் பகுதிக்கு ஒரு திட்டம் வகுத்தது. அலுவலகத்திலும் பள்ளியிலும் கடைத்தெருவிலும் துருக்கியம் அல்லாத மொழி பேசுவோர் ஒறுக்கப்படுவர் என்றது அது. அங்கே பேசப்பட்ட மொழி எது? குர்தியம். இனோனுவின் முன்னோர் மொழி என்று பலர் கூறும் அதே குர்தியம்! தன் தாய்மொழியை அயற்சொல்லின் நுகத்தினின்று விடுவித்தவர், அடுத்த வீட்டுத் தாய்மொழியின் கழுத்தில் நுகம் பூட்டினார். அதன் விளைவு என்ன? குர்திய மொழி செத்ததா? இல்லை. செத்தது இரு மக்களுக்கிடையே இருந்த நம்பிக்கையே. நூறாண்டாகியும் அந் நாட்டில் அப் புண் ஆறவில்லை.

அவருடைய இறுதிக் காலத்தையும் சொல்லி முடிக்கிறேன். 1945க்குப் பின் பிற கட்சிகள் தோன்ற அவரே வழிவிட்டார். 1946 தேர்தல் நேர்மையாக நடைபெறவில்லை. ஆனால், 1950 மே 14ஆம் நாள் நேர்மையான தேர்தல் நடந்தது. அவர் கட்சி தோற்றது. 69 இடங்களே கிடைத்தன. படையும் காவலும் தம் கையில் இருந்தும், மக்கள் தீர்ப்பை ஏற்று, அமைதியாக ஆட்சியைக் கையளித்துவிட்டு எதிர்க்கட்சி இருக்கையில் போய் அமர்ந்தார். தம்மை வீழ்த்திய மெண்டெரசுக்குப் படையாட்சியினர் 1961இல் தூக்கு விதித்தபோது, வேண்டாம் என்று மடல் எழுதி மன்றாடியவரும் அவரே. அம் மன்றாட்டு செவியேறவில்லை. பின்னர் 1965 வரை மீண்டும் தலைமையமைச்சராக இருந்தார். 1972இல் தம் கட்சித் தலைமையை எசெவித்து என்னும் இளையவரிடம் இழந்தார். 1973 திசம்பர் 25ஆம் நாள், 89ஆம் அகவையில் மறைந்தார்.

தமிழன்பர்களே! மறைமலையடிகள் 1916இல் தனித்தமிழ் நெறியைத் தொடங்கியபோது, அவர் பின்னே அரசு இல்லை, படை இல்லை, சட்டம் இல்லை. அதைக் குறையென்று நாம் வருந்தியதுண்டு. இனோனுவின் வரலாற்றைப் படித்தபின் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. அரசின் துணை மொழிக்கு வேண்டும். அடிப்படைச் சட்டமும் கல்வியும் முறைமன்றமும் மக்கள் மொழியில் அமைய வேண்டும். அதை அங்காராவிடம் கற்போம். ஆனால், ஒரு சொல் வாழ்வது அதை எடுத்தாளும் வாயினால். அஞ்சும் வாயினால் அன்று. நம் வீட்டில் நம் பிள்ளை நல்ல தமிழ் பேசுவதற்கு எச் சட்டமும் தேவையில்லை. அடுத்தவன் பிள்ளை தன் தாய்மொழி பேசுவதைத் தடுக்க எவனுக்கும் உரிமையில்லை. தன் மொழிக்கு அழும் கண், பிறர் மொழி அழியும்போது வறண்டு போகுமானால், அது மொழிப்பற்று அன்று. வெறும் அதிகாரப் பற்றே.

இனோனுவிடம் பொறுமையைக் கற்போம். போர்ப்புயலிலும் பள்ளி கட்டிய உறுதியைக் கற்போம். தோற்றபின் இருக்கையை விட்டு எழுந்த பெருமையைக் கற்போம். அவர் கையெழுத்திட்டு மறந்த அந்த 39ஆம் பிரிவை நாம் மறவாதிருப்போம்!